இரண்டரை இலட்சம் கிலோமீற்றருக்குப் பிறகு

கடந்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரொறன்ரோவிலிருந்து என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். சுகம் விசாரித்து முடிவதற்குள்ளேயே விடயத்துக்கு வந்துவிட்டான்.

“மாமா, ஒரு பிக்கப் பாத்து வைச்சிருக்கிறன். ஃபோர்ட் எஃப்-150. 2013 ஆம் ஆண்டு வண்டி. இரண்டு லட்சத்து அறுபதாயிரம் ஓடியிருக்கு. டேர்போ எஞ்சின். இங்க ஆளுக்கொரு கதை சொல்லுகினம். வாங்கலாமோ?”

நான் மெக்கானிக் அல்லன். பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில், மோட்டார் பக்கத்தை எழுதி வந்தவர் வெளிநாடு போய்விட, வேறு ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளும்படி ஆசிரியர் அந்தப் பக்கத்தை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். வேறு ஆள் ஆறு வருடங்களாகக் கிடைக்கவில்லை. அந்த ஆறு வருடங்களில் படித்ததும், கராஜ் வாசல்களில் நின்று கேட்டதும், அதன் பின்னர் விட்டுவிட முடியாமல் தொடர்ந்து வாசித்து வந்ததும்தான் என் தகுதி. ஆனாலும் குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும் இன்றைக்கும் எனக்குத்தான் அழைப்பு வருகிறது.

இவனுடைய கேள்வி விளையாட்டுக் கேள்வி அல்ல. ஒன்பது வருடங்களாக வீடுகளுக்குக் கூரை போடும் ஒருவரிடம் கூலிக்கு நின்றவன், இப்போது சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கிறான். மரமும் தகடும் ஏற்றி, பின்னால் ஒரு இழுவைப்பெட்டியையும் கட்டி இழுக்க வண்டி வேண்டும். சேமித்த பணம் வண்டிக்கும் கருவிகளுக்கும்தான் கணக்காக இருக்கிறது. ஆறு மாதத்தில் எஞ்சின் படுத்துவிட்டால், அவன் மீண்டும் பழைய இடத்துக்கே கூலிக்குப் போகவேண்டியதுதான். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அவனுக்குச் சொன்ன பதிலையும், அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தையும் இங்கே எழுதிவைக்கிறேன். கனடாவிலும் அமெரிக்காவிலும் இதே கேள்வியோடு இருக்கும் வாசகர்கள் பலர் என்பதை நான் அறிவேன்.

நம் நாட்டில் ‘கெப்’ என்று சொல்லும் வண்டியைத்தான் அங்கே பிக்கப் என்கிறார்கள். டேர்போ பற்றி எனக்குக் கிடைத்த முதலாவது பாடமும் ஒரு கெப் வண்டியில் கிடைத்ததே. 2004 மார்கழியில் கடற்கோள் அடித்த பிற்பாடு, கிழக்குக் கரையோரமெங்கும் நிவாரண நிறுவனங்களின் வெள்ளை நிற இரட்டைக் கெப்கள் ஓடித்திரிந்தன. 2005 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்படியொரு வண்டியில் இடம் கிடைத்து, கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போனேன். சாரதி மட்டக்களப்பைச் சேர்ந்தவர். நல்ல வேகமாக ஓட்டிவந்து கல்லடியில் நிறுத்தியவர், எஞ்சினை நிறுத்தாமல் அப்படியே ஸ்டியரிங்கில் கைவைத்தபடி இருந்தார். நான் கதவைத் திறந்துகொண்டு, ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

“கொஞ்சம் பொறுங்க சேர். உள்ளுக்குக் காத்தாடி இன்னும் சுத்துது. இப்ப ஓஃப் பண்ணினா ஒயில் இல்லாம வேகும்.”

அந்த ஒரு வசனத்தில் டேர்போ எஞ்சினின் நூறு வருடச் சிக்கல் அடங்கியிருக்கிறது.

எஞ்சினுக்குள் எரிந்து முடிந்த வாயு சைலன்சர் வழியாக வீணாக வெளியே போகிறது. எரிபொருளிலிருந்து கிடைக்கும் வெப்பசக்தியில் பெரும் பங்கு அதோடு போய்விடுகிறது. அந்தச் சூடான வாயுவின் வழியில் ஒரு சிறிய காற்றாடியை வைத்தால் அது சுழலும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு காற்றாடியைப் பூட்டினால், அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் அதிக எரிபொருளை எரிக்கலாம். சிறிய எஞ்சினிலிருந்து பெரிய எஞ்சினின் வலுவைப் பெறலாம். தத்துவம் இவ்வளவுதான். சிக்கல் அந்த அச்சில் இருக்கிறது. அது நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுழல்கிறது. ஒரு முனையில் வெளிக்காற்று, மறுமுனையில் பெற்றோல் எஞ்சினானால் 900 பாகை செல்சியஸைத் தாண்டும் வாயு. இரண்டுக்கும் இடையில் அச்சைத் தாங்குவது எஞ்சினிலிருந்து வரும் ஒயிலின் மெல்லிய படலம் மாத்திரமே. எஞ்சினை நிறுத்தினால் ஒயில் பம்பும் நின்றுவிடும். காற்றாடி உடனே நிற்காது. சூடும் உடனே ஆறாது. அங்கே தேங்கிய ஒயில் வெந்து கரியாகும். நாளடைவில் அந்தக் கரி ஒயில் வரும் வழியை அடைக்கும்.

இந்தத் தத்துவத்துக்கு 1905 இல் காப்புரிமை பெற்றவர் அல்பிரட் பூஹி என்ற சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர். பத்திரத்தில் இருந்ததை இயந்திரமாக்க அவருக்கு ஏறக்குறைய இருபது வருடங்கள் பிடித்தன. அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகம் அன்று இருக்கவில்லை. 1918 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மொஸ், 4,300 மீற்றர் உயரமான பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு லொறியில் ஒரு விமான எஞ்சினை ஏற்றிச் சென்று சோதித்தார். கடல் மட்டத்தில் 350 குதிரைவலு தந்த அந்த எஞ்சின், மலை உச்சியின் மெல்லிய காற்றில் 230 ஆக இளைத்துப்போனது. டேர்போவைப் பூட்டியதும் மறுபடியும் 350 ஐத் தொட்டது. 1920 களில் ஜேர்மனியின் இரண்டு பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் பூஹியின் டேர்போ பொருத்தப்பட்டது. கப்பலிலும் விமானத்திலும் எஞ்சினைக் கவனிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருந்தார்கள் என்பதை இவ்விடத்தில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சாதாரண மனிதரின் வண்டிக்கு டேர்போ வந்தபோதுதான் வில்லங்கம் தொடங்கியது.

1962 இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற காரை விற்பனைக்கு விட்டது. 215 கன அங்குல எஞ்சினிலிருந்து 215 குதிரைவலு. அந்த 215 கன அங்குலம் என்பது 3.5 லீற்றர், மருமகன் பார்த்துவைத்த பிக்கப்பின் எஞ்சினும் 3.5 லீற்றர்தான். வெறும் தற்செயல், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல். ஜெட்ஃபயரின் எஞ்சினில் காற்றையும் பெற்றோலையும் அதிகமாக அமுக்கியதால், கலவை தானாக வெடிக்கும் ஆபத்து இருந்தது. அதைக் குளிரவைக்க, வடித்த நீரும் மெதனோலும் கலந்த திரவமொன்றைத் தனியான ஒரு தாங்கியில் ஊற்றவேண்டும். அதற்கு ‘டேர்போ ரொக்கெற் திரவம்’ என்று பெயரும் சூட்டியிருந்தார்கள். தாங்கி காலியானால் டேர்போவின் வலுவைக் குறைத்து எஞ்சினைக் காப்பாற்ற வால்வு ஒன்றும் இருந்தது.

வாங்கியவர்கள் திரவத்தை ஊற்ற மறந்தார்கள். வால்வு தன் கடமையைச் செய்தது, வண்டி மெதுவாகியது, முறைப்பாடுகள் குவிந்தன. இரண்டு வருடங்களில் பத்தாயிரத்துக்கும் குறைவான கார்களே விற்கப்பட்டன. 1965 இல் நிறுவனமே முன்வந்து, விரும்பியவர்களுக்கு டேர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண காபரேற்றரைப் பூட்டிக்கொடுத்தது. பொறியியலாளர்கள் எல்லாவற்றையும் கணக்கிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போத்தலைத் திறந்து ஊற்றச் சோம்பல்படும் மனிதனை மாத்திரம் கணக்கில் சேர்க்கவில்லை. நெடுங்காலம் ஓடிய டேர்போ எஞ்சின் எது, இடையில் படுத்த எஞ்சின் எது என்று பார்த்தால், உரிமையாளரின் மறதியை எவ்வளவு தூரம் மனதில் வைத்து அதைக் கட்டினார்கள் என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கிறது. காற்றாடி தானாக உடைந்து எஞ்சின் செத்த கதைகளை நான் குறைவாகவே கேட்டிருக்கிறேன்.

இதற்கு நேரெதிரான உதாரணம் 1989 மாடலாக வந்த டொட்ஜ் ராம் பிக்கப். அதற்குள் இருந்தது கமின்ஸ் நிறுவனத்தின் 5.9 லீற்றர் டேர்போ டீசல் எஞ்சின். அது பிக்கப்புக்கென்று பிறந்த எஞ்சின் அல்ல. கேஸ் என்ற விவசாய இயந்திர நிறுவனத்துடன் கூட்டுச்சேர்ந்து, வயலிலும் தூசியிலும் உழைக்கும் இயந்திரங்களுக்காக உருவாக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. வலு 160 குதிரைகள்தான். இன்றைய சிறிய கார்களே அதைவிட அதிகம் தருகின்றன. ஆனால் அடிவேகத்திலேயே 400 இறாத்தல்-அடி முறுக்குவிசை கிடைத்தது. 5.9 லீற்றரிலிருந்து 160 குதிரைவலு மாத்திரம் கேட்பதென்பது, மூட்டை தூக்கப் பழகிய ஒருவரிடம் மரக்கறிப் பையைக் கொடுப்பது போன்றது. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நின்றன. டைமிங் செயினும் இல்லை, பட்டியும் இல்லை, பற்சக்கரங்கள்தான். எஞ்சின் நிதானமாகச் சுழன்றதால் டேர்போவும் அதிகம் வேகவில்லை.

அந்த எஞ்சினுக்கும் ஒரு கண்டம் இருந்தது. முன்பக்க மூடிக்குள் இருந்த விரல்நுனியளவு இரும்பு ஆணியொன்று காலப்போக்கில் தளர்ந்து பற்சக்கரங்களுக்குள் விழுந்தால், ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்குக் ‘கொலைகார ஆணி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு சிறு தகட்டை வைத்து அந்த ஆணி வெளியே வராமல் செய்தால் கவலை தீர்ந்தது. அந்த வண்டிகள் மூன்று, நான்கு இலட்சம் மைல் ஓடிய பின்னரும் வேலை செய்வதை வட அமெரிக்காவின் பண்ணைப்புறங்களில் இன்றும் காணலாம்.

பிறகு வலுப்போட்டி தொடங்கியது. ஒருவர் 250 குதிரைவலு என்றால் மற்றவர் 300 என்றார். கூடவே புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் இறுகின. இரண்டும் ஒருங்கே வந்து விழுந்த இடம் 2003 முதல் 2007 வரை ஃபோர்ட் பிக்கப்களில் பூட்டப்பட்ட 6.0 லீற்றர் பவர் ஸ்ட்ரோக் டீசல். ஃபோர்ட்டுக்காக நவிஸ்டார் நிறுவனம் செய்துகொடுத்த எஞ்சின் அது. அதற்கு முன்னர் இதே கூட்டில் வந்த 7.3 லீற்றர் எஞ்சின் நீண்ட ஆயுளுக்குப் பேர்போனது. ஆகவே மக்கள் நம்பி வாங்கினார்கள்.

அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எஞ்சினின் நடுப்பள்ளத்தில் ஒயிலைக் குளிர்விக்கும் பெட்டி ஒன்று இருந்தது. அதன் உள்வழிகள் மிகவும் ஒடுக்கமானவை. வார்ப்பிலிருந்து மிஞ்சிய மணலும், பழைய குளிர்நீரில் திரளும் படிவுகளும் அந்த வழிகளை மெல்ல மெல்ல அடைத்தன. அதைக் கடந்துதான், வெளியேறும் புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்துத் திருப்பி அனுப்பும் பெட்டிக்கு நீர் போகவேண்டும். முதலாவது அடைபட்டதும் இரண்டாவது நீரின்றி வெடித்தது. சிலிண்டர் தலையை இறுக்கிப் பிடித்த போல்ட்கள் மேலதிக அழுத்தத்தில் நீண்டு, கஸ்கற் கசிந்தது. ஊர்ப் பாஷையில் சொன்னால், வாய்க்கால் அடைபட்டதால் கடைசி வயல் வரைக்கும் காய்ந்துபோனது. டேர்போவும் தப்பவில்லை. அதன் உள்ளே திறந்து மூடும் சிறு தகடுகள் கரியாலும் துருவாலும் இறுகிப்போயின. பாரம் இழுத்த வண்டிகளைவிட, சும்மா உறுமிக்கொண்டு நின்ற வண்டிகளுக்கே இந்த நோய் அதிகம் வந்தது. பாரம் இழுத்தால் சூடு ஏறிக் கரி எரிந்துவிடும். நின்று உறுமினால் படியும்.

உத்தரவாதச் செலவை யார் ஏற்பது என்று 2007 இல் ஃபோர்ட் நவிஸ்டார் மீது வழக்குத் தொடுத்தது; 2009 இல் இணக்கத்துக்கு வந்தார்கள். இணக்கம் நிறுவனங்களுக்கிடையில்தான். உத்தரவாதம் முடிந்த பின்னர் எஞ்சினைப் பிரித்துக்கொண்டு கராஜில் நின்றவர்கள் தங்கள் பையிலிருந்துதான் கொடுத்தார்கள்.

இந்தச் சூட்டின் நடுவில்தான் ஃபோர்ட் இன்னொரு துணிச்சலான காரியத்தில் இறங்கியது. பிக்கப் என்றால் பெரிய வி-8 எஞ்சின் என்று பரம்பரை பரம்பரையாக நம்பிவந்த சனத்துக்கு, 2011 மாடல் எஃப்-150 இல் 3.5 லீற்றர் ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சினை, இரட்டை டேர்போவுடன் விற்கப் புறப்பட்டது. பெயர் ஈகோபூஸ்ட். 365 குதிரைவலு, 420 இறாத்தல்-அடி முறுக்குவிசை. ஜெட்ஃபயரை மறக்காத தலைமுறை இன்னும் உயிருடன் இருந்தது. நம்பவைக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு இருந்தது.

ஆகவே ஒரு எஞ்சினைத் தெரிந்தெடுத்து வதைத்தார்கள். முதலில் ஆய்வுகூடத்தில், பத்து வருட உழைப்புக்கு, அதாவது 150,000 மைலுக்குச் சமமான சோதனை. குளிரவைத்தும் சூடேற்றியும் மாறி மாறி அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு அதே எஞ்சினை ஒரு பிக்கப்பில் பூட்டி ஒறிகன் மாநிலத்துக் காடுகளில் மரம் இழுக்கவைத்தார்கள். மியாமிக்கு அருகிலுள்ள ஓட்டப்பந்தயத் திடலில் 11,300 இறாத்தல் பாரத்தைக் கட்டி 24 மணித்தியாலம் சுற்றவைத்தார்கள். அரிசோனாவின் செங்குத்தான ஏற்றத்தில் பாரம் இழுத்தார்கள். மெக்சிக்கோவின் பாஹா பாலைவன ஓட்டப்போட்டியில் ஆயிரம் மைல் ஓடவைத்தார்கள். கடைசியாக 2011 தை மாதம் டெட்ரொயிற் மோட்டார் கண்காட்சியில், பார்வையாளர் முன்னிலையில் அதைப் பிரித்துப் பரப்பிக் காட்டினார்கள். தேய்மானம் அனுமதித்த அளவுக்குள்ளேயே இருந்தது. விளம்பரம்தான், ஆனாலும் நேர்மையான விளம்பரம் என்றே நான் நினைக்கிறேன். அந்த வருடமே, 1985 க்குப் பின் முதன்முறையாக, எஃப்-150 வாங்கியவர்களில் ஆறு சிலிண்டர்காரர் எட்டு சிலிண்டர்காரரை முந்தினார்கள்.

எனினும் அந்தச் சோதனையில் இல்லாத ஒன்று இருந்தது. எஞ்சினைக் கவனித்தவர்கள் பொறியியலாளர்கள். ஒயிலைப் பிந்தி மாற்றியவர் எவரும் இல்லை. குளிர்காலக் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, எஞ்சின் சூடேறும் முன்பே வீடு திரும்பி நிறுத்தியவர் எவரும் இல்லை. சாதாரண வீதி ஈரப்பதனும் அதில் இல்லை. ஈரம்தான் முதலில் வந்து கதவைத் தட்டியது. டேர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் பெட்டியில் வியர்வைபோல் நீர் திரண்டது. நெடுநேரம் ஒரே வேகத்தில் போய்விட்டுத் திடீரென மிதித்தால் அந்த நீர் எஞ்சினுக்குள் போய், வண்டி திக்கித் திணறியது. 2013 இல் அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் இதை விசாரிக்கத் தொடங்கியது. பாகத்தை மாற்றியமைத்தார்கள்.

இரண்டாவது பிரச்சினை மெதுவாக வந்தது. இந்த எஞ்சினில் பெற்றோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அதனால் பெற்றோலில் ஒரு பகுதியும், எரிந்த கரியின் நுண்துகளும் ஒயிலோடு கலக்கின்றன. கரி கலந்த ஒயில் அரத்தூள்போல டைமிங் செயினின் இணைப்புகளைத் தேய்க்கிறது. ஒவ்வொரு இணைப்பிலும் மயிரிழை அளவுதான். ஆனால் முழுச் செயினும் நீண்டுவிட்டால் வால்வுகளின் நேரம் தவறிப்போகிறது. காலையில் முதலாவது தடவை எஞ்சினை இயக்கும்போது சில விநாடிகள் கலகலவென்று ஒரு சத்தம் கேட்கும். 2017 இல் வந்த இரண்டாவது தலைமுறை எஞ்சினில், வால்வுகளுக்கு முன்பாகவும் பெற்றோல் பீய்ச்சும் இரட்டை ஏற்பாட்டைச் செய்தார்கள். வால்வில் படியும் கரி அதனால் கழுவப்பட்டது. ஆனால் ஒயில் அழுத்தத்தால் வால்வு நேரத்தை மாற்றும் கேம் ஃபேசர் என்ற பாகம் இம்முறை சத்தம்போடத் தொடங்கியது. 2021 இல் அதற்கென ஒரு திருத்தத் திட்டத்தை நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது.

இங்கே கவனிக்கவேண்டியது, அந்த வண்டிகளின் டேர்போக்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன என்பதுதான். அவற்றை ஒயில் மட்டுமன்றி நீரும் குளிர்விக்கிறது. எஞ்சினை நிறுத்திய பின்னரும், சூட்டினாலேயே நீர் தானாகச் சுழன்று அச்சைக் குளிர்விக்கும்படி அமைத்திருக்கிறார்கள். கல்லடியில் அந்தச் சாரதி தன் கையால் செய்ததை இப்போது எஞ்சினே செய்துகொள்கிறது. உரிமையாளரின் மறதியை ஒரு இடத்தில் வென்றுவிட்டார்கள். அது இன்னொரு இடத்தில் புகுந்துகொண்டது: ஒயில் மாற்றும் நாளில். 10,000 மைல் வரை ஒயில் மாற்றத் தேவையில்லை என்று சொல்லக்கூடிய கருவியை வண்டிக்குள் வைத்தார்கள். அவ்வளவு தூரம் விடவேண்டாம், 5,000 மைலோடு மாற்றுங்கள் என்று பழைய மெக்கானிக்குகள் சொன்னார்கள். 2020 இல் வந்த எஞ்சின் ஒயிலுக்கான புதிய அமெரிக்கத் தரத்தில், டைமிங் செயின் தேய்மானத்துக்கென்றே ஒரு பரிசோதனை சேர்க்கப்பட்டது. அந்தப் பரிசோதனைக்குப் பயன்படும் எஞ்சின் ஒரு 2.0 லீற்றர் ஈகோபூஸ்ட். மெக்கானிக்குகள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

“டேர்போ இல்லாத பழைய எஞ்சின்தான் நம்பிக்கை” என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. 2016 இல், டேர்போ இல்லாத வி-8 பூட்டிய 2007 மாடல் டொயோட்டா டன்ட்ரா ஒன்று பத்து இலட்சம் மைலைத் தொட்டதும், அதை வாங்கிப் பிரித்துப் பார்ப்பதற்காக டொயோட்டா உரிமையாளருக்குப் புதிய வண்டி கொடுத்தது. உண்மைதான். அதே டன்ட்ராவுக்கு 2022 மாடலிலிருந்து 3.4 லீற்றர் இரட்டை டேர்போ எஞ்சின் வந்தது. 2024 இல் ஏறக்குறைய ஒரு இலட்சம் வண்டிகளைத் திருப்பியழைக்க நேர்ந்தது. காரணம் டேர்போ அல்ல. தொழிற்சாலையில் உலோகத்தைக் கடைந்தபோது விழுந்த துகள்கள் எஞ்சினுக்குள்ளேயே தங்கி, கிராங்க் தண்டின் பெயாரிங்குகளைக் கெடுத்தன. அடுத்த வருடம், 2025 இல், ஜெனரல் மோட்டர்ஸ் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய ஆறு இலட்சம் பிக்கப்களையும் பெரிய வாகனங்களையும் திருப்பியழைத்தது. அவற்றில் இருந்தது 6.2 லீற்றர் வி-8. டேர்போவின் வாசனைகூட இல்லாதது. அங்கேயும் கிராங்க் தண்டும் அதைச் சேர்ந்த பாகங்களும்தான் நோயாளிகள். ஆகவே டேர்போவா இல்லையா என்று கேட்பதில் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 மாசியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களில், இருக்கிற கெப்பை வைத்துக்கொண்டுதான் சனம் பிழைத்தது. 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டிருந்த நாட்களில், மட்டக்களப்பில் அந்தப் பழைய சாரதியைத் தற்செயலாகச் சந்தித்தேன். நிறுவனம் நாட்டைவிட்டுப் போகும்போது ஏலத்தில் விற்ற கெப்பை அவரே வாங்கியிருந்தார். நாலரை இலட்சம் கிலோமீற்றர் ஓடியிருந்தது. மீன் ஏற்றுகிறார். வெள்ளை நிறம் மங்கிப்போயிருந்தது. கதவில் நிறுவனத்தின் சின்னத்தைச் சுரண்டிய தழும்பு இருந்தது. எஞ்சினில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் அடியிலுள்ள செம்பு வளையங்களை இரண்டு தடவை மாற்றினாராம். அவை கசிந்தால் எரிந்த வாயு ஒயிலுக்குள் இறங்கிக் கரிச்சேறாகி, ஒயிலை உறிஞ்சும் வடியை அடைத்துவிடும் என்று விளக்கினார். டேர்போ? அது கம்பனியில் பூட்டி வந்ததேதான் என்றார். ஒயிலின் விலை அந்த வருடம் ஏறிய ஏற்றத்தில் பலர் மாற்றும் நாளைத் தள்ளிப்போட்டார்கள். அவர் தள்ளிப்போடவில்லை. “சோத்தைக் குறைச்சாலும் அதைக் குறைக்க ஏலாது சேர்” என்றார்.

மருமகனுக்கு நான் சொன்னது அதிகமில்லை. ஓடிய தூரத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டுகளைக் கேள்; எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றினார்கள் என்று கணக்குப் பார். செயின் மாற்றியிருந்தால் அதற்கும் சீட்டு இருக்கும். குளிர்நீரின் நிறத்தைப் பார். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு முழுவதும் குளிரில் நின்ற எஞ்சினைக் காலையில் உன் முன்னால் முதன்முதலாக இயக்கவேண்டும். பொனற்றைத் திறந்துவைத்துக் காதைக் கொடு. முதல் ஐந்து விநாடிகள்தான் பேசும். அதற்குப் பிறகு ஒயில் ஏறிவிடும், எல்லா எஞ்சினும் நல்ல பிள்ளையாகிவிடும்.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது வெளியே பூச்சியத்துக்குக் கீழே 11 பாகை. வண்டியின் பொனற்றில் கைவைத்தான். சூடாக இருந்தது. குளிரில் உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் சூடாக்கி வைத்தேன் என்றாராம் விற்பவர். நாளைக்கு வருகிறேன், தொடாமல் வையுங்கள் என்று இவன் சொல்லிவிட்டு வந்தான். மறுநாள் அந்த மனிதர் தொலைபேசியை எடுக்கவில்லை.

மூன்று வாரங்கள் கழித்து இன்னொன்று கிடைத்தது. அதே மாடல், அதே எஞ்சின். இது 290,000 ஓடியிருந்தது. முதலில் பார்த்ததைவிட முப்பதாயிரம் அதிகம். ஆனால் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர், தான் வாங்கிய நாள் முதல் எல்லாச் சீட்டுகளையும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வைத்திருந்தார். எட்டாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில், இடையில் ஒருமுறை செயின். இவன் கைத்தொலைபேசியைத் திறந்த பொனற்றுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு என்னை அழைத்தான். இங்கே மாலை நேரம். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காதில் வைத்தேன். சாவி திருப்பும் ஓசை, ஒரு இழுவை, பிறகு சீரான இரைச்சல். ஐந்து விநாடிகளை எண்ணினேன். கலகலப்பு இல்லை.

“என்ன மாமா, கேக்குதோ?”

“ஒண்டும் கேக்கேல்லை. எடு.”

பங்குனியில் முதலாவது ஒயில் மாற்றிய சீட்டைப் படம்பிடித்து அனுப்பியிருந்தான். 297,640 என்று அதில் எழுதியிருந்தது. தச்சர் கொடுத்த அதே பிஸ்கற் ரின்னுக்குள்தான் சீட்டைப் போட்டிருப்பதாகவும், ரின் நிரம்பிவிட்டதால் வேறொன்று தேடுவதாகவும் கீழே ஒரு குறிப்பு.